கருப்பு, சாக்லேட், ஃபான்: லேப்ரடார் குட்டிகளின் நிறக் கணக்கு

இரண்டு வருடத்துக்கு முன்பு, இரவு பத்து மணி தாண்டி எனக்குப் பழக்கமான தம்பி ஒருவர் போன் செய்தார். அவருடைய சாக்லேட் லேப் (லேப்ரடார்) பெட்டை அன்று மாலைதான் குட்டி போட்டிருந்தது. "அண்ணே, ஏழு குட்டி. ஏழும் கருப்பு. நான் சேர்த்தது ஃபான் ஆணோட. சாக்லேட்டுக்கும் ஃபானுக்கும் எப்படிண்ணே கருப்பு பிறக்கும்? எங்கேயோ ஏமாத்திட்டாங்க" என்றார். ஃபான் என்பது மஞ்சள் நிற லேப். குரலே உடைந்திருந்தது. பாவம், மேட்டிங்குக்குப் பணம் கொடுத்து, அறுபது நாளுக்கு மேல் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டவர்.

நான் கேட்டது ஒரே கேள்வி. "அந்த ஆணோட மூக்கு என்ன நிறம்?"

"நல்ல கருப்பு."

"அப்போ நிறத்தை வெச்சு யாரையும் சந்தேகப்பட வேண்டாம் தம்பி. இந்த ஜோடிக்கு இப்படித்தான் பிறக்கும்."

அவர் அன்றைக்கு நம்பவில்லை. மறுநாள் ஒரு தாளை எடுத்துவைத்து இருவரும் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப்போகிறேன். பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடி படித்தது ஞாபகம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு தாள், ஒரு பேனா, பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

லேப்ரடாரை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இந்த இனத்தில் முக்கியமான நிறம் மூன்றுதான், அந்த மூன்றையும் தீர்மானிப்பவை இரண்டே ஜீன்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் நாய்களில் இல்லை.

படி 1: இரண்டு ஜீன்களின் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

நாயின் முடியில் இரண்டு வகை நிறமிதான் உண்டு. ஒன்று கருப்பு நிறமி, பெயர் யூமெலனின். மற்றது மஞ்சள் முதல் சிவப்பு வரை போகும் ஃபியோமெலனின். தோலிலும் முடியின் வேரிலும் இருக்கும் நிறமிச் செல்கள் இவற்றைத் தயாரித்து முடிக்குள் அனுப்புகின்றன.

முதல் ஜீன், கருப்பு நிறமியை முழுக் கருப்பாக முடித்துக் கொடுக்கும் ஜீன். ஆய்வகங்கள் இதை டி.ஒய்.ஆர்.பி.1 என்கின்றன. இது சரியாக வேலை செய்தால் நிறமி கருப்பாகிறது. பழுதானால் நிறமி பாதியில் நின்று பழுப்பாகவே தங்கிவிடுகிறது. அதுதான் சாக்லேட்.

இரண்டாவது ஜீன், எம்.சி.1.ஆர். இதை நிறமிச் செல்லின் வாசல் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். "கருப்பு நிறமி செய்" என்ற செய்தி இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போகிறது. கதவு திறந்தால் கருப்போ சாக்லேட்டோ, அந்த நாய்க்கு எது வாய்த்ததோ அது முடியில் வரும். கதவு மூடியே கிடந்தால் செய்தி போகாது, செல் மஞ்சள் நிறமியை மட்டும் செய்துகொண்டிருக்கும். அதுதான் நாம் ஃபான் என்றும் கோல்டன் என்றும் சொல்லும் நிறம். நம் ஊரில் சிலர் வைட் லேப் என்று விற்பதும் இதுவே, வெளிறிய ஃபான். வெளிர் கிரீமில் தொடங்கி நரிச் சிவப்பு வரை ஃபானில் சாயல் மாறும். அந்தச் சாயல் வேறு சில ஜீன்களின் கைவேலை, இந்தக் கணக்கில் சேராது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபான் நாய்க்குள்ளும் முதல் ஜீன் இருக்கிறது. கதவு மூடியிருப்பதால் முடியில் அது தெரியாது. ஆனால் மூக்கு, உதடு, கண்ணிமை ஓரம், பாதத்தின் மெத்தை ஆகிய தோல் பகுதிகளுக்கு அந்தக் கதவின் தயவு வேண்டியதில்லை. அங்கே முதல் ஜீன் என்ன என்பது அப்படியே தெரியும். தம்பியிடம் நான் மூக்கைக் கேட்டது இதற்காகத்தான்.

படி 2: ஓங்கு, ஒடுங்கு

ஒவ்வொரு ஜீனும் நாயிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. இரண்டும் ஒரே மாதிரி இருக்கலாம், வேறுபட்டும் இருக்கலாம். தன் குட்டிக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றை மட்டுமே கொடுக்கும். எது போகும் என்பது காசு சுண்டிப் போடுவது மாதிரி, பாதிக்குப் பாதி.

நல்ல பிரதி ஒன்று, பழுதான பிரதி ஒன்று இருந்தால் என்ன ஆகும்? நல்லது ஒன்று இருந்தாலே கருப்பு நிறமி போதிய அளவு தயாராகிவிடுகிறது. பழுதானது இருப்பதே வெளியே தெரியாது. வெளியே தெரிகிறதே, அது ஓங்கு. ஒளிந்திருப்பது ஒடுங்கு. ஒடுங்கு நிறம் வெளியே வர வேண்டுமென்றால் இரண்டு பிரதியும் அதுவாகவே இருக்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. ஓங்கு என்றால் ஊரில் அதிகம் காணப்படுவது என்று பொருள் அல்ல. நம் பக்கத்து வீடுகளில் ஃபான் லேப்தான் எங்கே பார்த்தாலும் நிற்கிறது, ஆனால் அது ஒடுங்கு நிறம். ஒடுங்கு நிறம் காலப்போக்கில் கரைந்து மறைந்துபோகும் என்பதும் தவறு. பத்துத் தலைமுறை ஒளிந்திருந்துவிட்டு பதினோராவதில் வெளியே வரும்.

லேப் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சாட்சி உண்டு. இங்கிலாந்தில் இந்த இனம் கருப்பாகவே போற்றி வளர்க்கப்பட்டது. அங்கே 1899இல் கருப்புத் தாய்க்கும் கருப்புத் தந்தைக்கும் மஞ்சள் குட்டி ஒன்று பிறந்தது. பென் ஆஃப் ஹைட் என்று பெயர். மஞ்சள் லேப் என்று பதிவுக்கு வந்த முதல் நாய் அதுதான் என்பார்கள். அந்தப் பெற்றோர் இருவருக்குள்ளும் மூடிய கதவு ஒரு பிரதியாக ஒளிந்திருந்திருக்கிறது.

படி 3: எழுத்து வைத்து எழுதப் பழகுங்கள்

ஆய்வக அறிக்கைகளில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஓங்கையும் சிறிய எழுத்து ஒடுங்கையும் குறிக்கும். முதல் ஜீனுக்கு பி, இரண்டாவதற்கு இ. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லையே, அதனால் நான் இப்படி எழுதிக்கொள்கிறேன்:

க = கருப்பு முழுமையாகும் பிரதி (ஓங்கு)
ச = சாக்லேட்டில் நின்றுவிடும் பிரதி (ஒடுங்கு)
தி = திறக்கும் கதவு (ஓங்கு)
மூ = மூடிய கதவு (ஒடுங்கு)

ஒரு நாய்க்கு நான்கு எழுத்து வரும், முதல் ஜீனுக்கு இரண்டு, இரண்டாவதற்கு இரண்டு. கருப்பு நாய்க்கு க ஒன்றாவது, தி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். அதனால் அது நான்கு விதமாக இருக்க முடியும்: கக திதி, கச திதி, கக திமூ, கச திமூ. நான்கும் பார்வைக்கு ஒரே கருப்பு, எத்தனை அனுபவசாலி பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சாக்லேட் இரண்டு விதம்: சச திதி, சச திமூ. ஃபான் மூன்று விதம்: கக மூமூ, கச மூமூ, சச மூமூ. முதல் இரண்டுக்கும் மூக்கு கருப்பு, மூன்றாவதற்கு மூக்கு பழுப்பு.

மூன்று நிறம், ஒன்பது விதம். வாங்குகிறவர்கள் மூன்றைத்தான் பார்க்கிறார்கள், குட்டிகள் ஒன்பதிலிருந்து பிறக்கின்றன.

படி 4: உங்கள் நாயின் நான்கு எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

இதில் நிதானமாக நேரம் செலவழியுங்கள். இது சரியாக அமைந்தால் மீதியெல்லாம் வெறும் பெருக்கல்தான்.

முதலில் கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள். கருப்பு நாய் என்றால் "க_ தி_". சாக்லேட் என்றால் "சச தி_". கருப்பு மூக்கு ஃபான் என்றால் "க_ மூமூ". பழுப்பு மூக்கு ஃபான் ஒன்றுக்குத்தான் கோடே வராது: "சச மூமூ".

மூக்கைப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. குட்டி பிறந்த உடன் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், சில வாரம் பொறுக்க வேண்டும். வளர்ந்த ஃபான் நாய்கள் சிலவற்றுக்கு வயது ஏற ஏற மூக்கின் கருப்பு வெளுத்துப் பழுப்பாகத் தெரியும். அதை சச என்று எழுதிவிடாதீர்கள். கண்ணிமை ஓரத்தையும் உதட்டையும் பாருங்கள். அவை கருப்பாக இருந்தால் நாய்க்கு க உண்டு. சின்ன வயதுப் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து அதன் பெற்றோரைப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ சாக்லேட் என்றால், உங்கள் நாய்க்குக் கட்டாயம் ஒரு ச வந்திருக்கும், கொடுக்க அதனிடம் வேறு இல்லையே. பெற்றோரில் ஒன்று ஃபான் என்றால் ஒரு மூ உறுதி. கே.சி.ஐ. (இந்திய கென்னல் கிளப்) சான்றிதழ் இருந்தால் மூன்று தலைமுறை முன்னோர் பெயர் அதில் இருக்கும். நிறம் தெரியாவிட்டால் அந்த நாய்களை வளர்த்தவர்களிடம் விசாரியுங்கள்.

மூன்றாவது சாட்சி, முன்பே போட்ட குட்டிகள். கருப்பு நாய்க்கு எப்போதாவது ஒரு சாக்லேட் குட்டி பிறந்திருந்தால் அதற்குள் ச இருக்கிறது. ஒரு ஃபான் குட்டி பிறந்திருந்தால் மூ இருக்கிறது. ஒரே ஒரு குட்டி போதும், அந்தச் சாட்சியை யாராலும் மறுக்க முடியாது.

ஆனால் தலைகீழாகச் சொல்லும்போது கவனம் வேண்டும். "என் கருப்புக்கு இதுவரை ஃபான் குட்டியே பிறந்ததில்லை, அதனால் மூ இல்லை" என்பார்கள். இரண்டு கருப்பு நாய்களுமே திமூ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குட்டியும் ஃபான் ஆகாமல் இருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. எட்டுக் குட்டியில் ஒன்றுகூட ஃபான் ஆகாமல் தப்ப முக்காலை எட்டு முறை பெருக்குங்கள். கிட்டத்தட்ட 10 சதவீதம் வரும். பத்து ஈத்தில் ஒரு ஈத்து அப்படி ஏமாற்றும். ஒடுங்கு இல்லை என்று குட்டிகளை வைத்து நிரூபிப்பது கடினம், இருக்கிறது என்று நிரூபிப்பது எளிது.

இன்னொரு கணக்கும் நிறையப் பேருக்குத் தப்பும். இரண்டு கருப்புப் பெற்றோருக்கு ஒரு ஃபான் குட்டி பிறந்துவிட்டது, ஆகவே இருவரும் திமூ. அதே ஈத்தில் பிறந்த கருப்புக் குட்டி ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டீர்கள். அதற்குள் மூ இருக்க எவ்வளவு வாய்ப்பு? பாதி என்று தோன்றும். சரியான விடை மூன்றில் இரண்டு. நான்கு சேர்க்கையை எழுதிப் பாருங்கள்: திதி, திமூ, மூதி, மூமூ. கடைசியானது ஃபான், உங்களுடையது கருப்பு என்பதால் அது கழிந்தது. மிச்சம் மூன்று, அதில் இரண்டில் மூ இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கோடு நிரம்பவில்லை என்றால் மரபணுப் பரிசோதனை செய்யலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி அனுப்பினால் போதும், ஊசி வேண்டாம். சாப்பிட்ட உடனே எடுக்காதீர்கள், தாய்ப்பால் குடிக்கும் குட்டியைச் சற்று நேரம் பிரித்து வைத்துவிட்டு எடுங்கள். முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சாக்லேட்டுக்குக் காரணமான பழுது நாய்களில் ஒரே ஒரு வகை அல்ல, பரவலாகக் காணப்படுவது மூன்று வகை. மூன்றையும் பார்க்கும் பரிசோதனையாக இருக்க வேண்டும். அப்பாவிடமிருந்து ஒரு வகைப் பழுது, அம்மாவிடமிருந்து வேறு வகைப் பழுது வந்தாலும் குட்டி சாக்லேட்தான், ஏனென்றால் நல்ல பிரதி ஒன்றுமே இல்லை.

படி 5: கட்டம் போடுங்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த புன்னட் என்ற மரபியலாளர் பெயரில் வழங்கும் கட்டம் இது. ஒரு ஜீனுக்கு ஒரு கட்டம். மேலே அப்பாவின் இரண்டு எழுத்து, இடது பக்கம் அம்மாவின் இரண்டு எழுத்து. நடுவில் நான்கு அறை, ஒவ்வொன்றிலும் மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் எடுத்து எழுதுங்கள்.

அப்பா கச, அம்மா கச என்றால் அறைகள்: கக, கச, கச, சச. நான்கில் மூன்று க உள்ளவை, ஒன்று சச.
அப்பா கச, அம்மா சச என்றால்: கச, கச, சச, சச. பாதிக்குப் பாதி.
அப்பா கக, அம்மா எதுவானாலும்: எல்லா அறையிலும் க உண்டு.

இரண்டாவது ஜீனுக்கும் இதே மாதிரி தனியாக ஒரு கட்டம். புத்தகங்களில் இரண்டையும் சேர்த்துப் பதினாறு அறை போடச் சொல்வார்கள். பழகியபின் அது தேவைப்படாது. இந்த இரண்டு ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோமில் இருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போவதில்லை. தனித்தனியாகக் கண்டுபிடித்துப் பெருக்கினால் விடை வந்துவிடும்.

கச திமூ கருப்பு ஆணும் கச திமூ கருப்புப் பெட்டையும் சேர்ந்தால்:

கருப்பு: 3/4 × 3/4 = 9/16
சாக்லேட்: 1/4 × 3/4 = 3/16
ஃபான்: மூமூ ஆனது எல்லாமே, 1/4, அதாவது 4/16

அந்த நான்கு ஃபானில் மூன்றுக்குக் கருப்பு மூக்கு, ஒன்றுக்குப் பழுப்பு மூக்கு. இரண்டு கருப்பு நாய்களிடமிருந்து மூன்று நிறமும் ஒரே ஈத்தில் வரலாம் என்பது இதனால்தான். பதினாறில் ஒன்பது என்பது வாய்ப்பு மட்டுமே. எட்டுக் குட்டி பிறந்தால் நாலரை கருப்பு பிறக்கும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு குட்டிக்கும் காசு புதிதாகச் சுண்டப்படுகிறது. நான்கு கருப்பு பிறந்துவிட்டதால் அடுத்தது கட்டாயம் ஃபான் என்பதும் இல்லை.

இப்போது தம்பியின் ஈத்துக்கு வருவோம். ஆண் கருப்பு மூக்கு ஃபான்: க_ மூமூ. பெட்டை சாக்லேட்: சச தி_. ஆண் கக ஆகவும் பெட்டை திதி ஆகவும் இருந்தால், எல்லாக் குட்டிக்கும் அப்பாவிடமிருந்து க, மூ. அம்மாவிடமிருந்து ச, தி. ஏழும் கச திமூ. ஏழும் கருப்பு. அப்பாவிடம் இல்லாத திறந்த கதவை அம்மா கொடுத்தது, அம்மாவிடம் இல்லாத கருப்பை அப்பா கொடுத்தது. எழுதி முடித்ததும் தம்பி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண் கச ஆக இருந்திருந்தால்? ஒவ்வொரு குட்டிக்கும் க கிடைக்கப் பாதி வாய்ப்பு. ஏழுக்கும் கிடைக்க 128இல் ஒன்று. பெட்டை திமூ ஆக இருந்திருந்தாலும் அதே கணக்கு. ஆகவே இந்த ஒரு ஈத்தே அந்த இரண்டு நாய்களின் கோட்டையும் ஏறக்குறைய நிரப்பிக் கொடுத்துவிட்டது. மனநிம்மதிக்காக அவர் பிறகு தந்தைவழிப் பரிசோதனையும் செய்தார். ஏழும் அந்த ஃபான் ஆணுக்கே பிறந்தவை.

படி 6: நடக்கவே முடியாத சேர்க்கைகளை நினைவில் வையுங்கள்

ஃபானும் ஃபானும் சேர்ந்தால் ஃபான் மட்டுமே. இருவரிடமும் தி இல்லை. கருப்போ சாக்லேட்டோ பிறந்தால் வேறு ஆண் வந்திருக்கிறது.

சாக்லேட்டும் சாக்லேட்டும் சேர்ந்தால் கருப்பு வராது. சாக்லேட் வரும், இருவரிடமும் மூ ஒளிந்திருந்தால் ஃபானும் வரும். ஆனால் அந்த ஃபானுக்கு மூக்கு பழுப்பாகத்தான் இருக்கும். கருப்பு மூக்கு ஃபான் பிறந்தால் விசாரிக்க வேண்டியதுதான்.

சாக்லேட்டும் பழுப்பு மூக்கு ஃபானும் சேர்ந்தாலும் இதே கதைதான், இருவரிடமும் க இல்லாததால் கருப்பு வராது.

இவ்வளவுதான் பட்டியல். கருப்பு ஒன்று ஜோடியில் இருந்துவிட்டால், அதன் எழுத்து தெரியாதவரை எந்த நிறத்தையும் "முடியாது" என்று ஒதுக்க முடியாது. நாய்களில் ஒரே ஈத்தில் இரண்டு ஆண்களுக்குக் குட்டி பிறப்பதும் உண்மையிலேயே நடக்கும். பெட்டை பருவத்தில் இருக்கும்போது மேட்டிங் முடிந்த பிறகும் சில நாள் தனியே பூட்டி வைப்பது அதற்காகத்தான். ஈத்தில் பாதி சரியாகவும் பாதி முடியாத நிறமாகவும் இருந்தால் இதை நினைத்துப் பாருங்கள்.

சில்வர் பற்றி ஒரு வார்த்தை

சில்வர் லேப், சார்க்கோல் லேப் என்று கூடுதல் விலைக்கு விளம்பரம் வருகிறது. அது மூன்றாவதாக ஒரு ஒடுங்கு ஜீனின் விளைவு. நிறமி முடிக்குள் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாகத் தங்குவதால் நிறம் வெளிறித் தெரிகிறது. சாக்லேட் வெளிறினால் சில்வர், கருப்பு வெளிறினால் சார்க்கோல். இப்படி வெளிறிய நாய்கள் சிலவற்றுக்கு முடி உதிர்ந்து தோல் வறளும் தொல்லை வரும். கென்னல் கிளப்புகளின் லேப் தரவரையறையில் கருப்பு, மஞ்சள், சாக்லேட் மூன்றுதான் உண்டு. அரிய நிறம் என்று யாராவது சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

மற்ற இனங்களுக்கு இதை அப்படியே தூக்கிப் போடாதீர்கள்

லேப்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிடமும் உடல் முழுவதும் ஒரே நிறமாக வைத்திருக்கும் இன்னொரு ஓங்கு ஜீன் இரண்டு பிரதியாக இருக்கிறது. அதனால்தான் இரண்டு ஜீனோடு கணக்கு முடிகிறது. நம் கன்னி நாயின் கருப்பு உடலும் செம்பழுப்புக் காலும் வேறொரு ஜீன் வரையும் கோலம், அங்கே எழுத்துகள் கூடும்.

ராஜபாளையத்தின் வெள்ளை முற்றிலும் வேறு சங்கதி. ஃபான் லேபில் நிறமிச் செல் இருக்கிறது, மஞ்சளைச் செய்கிறது. பால் வெள்ளை நாயின் தோலில் பல இடங்களில் நிறமிச் செல்லே வந்து சேர்ந்திருக்காது. இந்தச் செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கேயும் வராமல் போனால் குட்டிக்குக் காது கேட்காது. ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாதவை பிறப்பதை வளர்ப்பவர்கள் நெடுநாளாகப் பார்த்திருக்கிறார்கள். மெர்ல் எனப்படும் சிதறல் நிறம் கொண்ட இரண்டு நாய்களைச் சேர்த்தால் அதைவிடக் கொடுமை. அந்த ஜீன் இரண்டு பிரதியும் கிடைக்கும் நான்கில் ஒரு குட்டிக்குக் காதும் கண்ணும் பாதிக்கப்படும் அபாயம் அதிகம். மெர்லும் மெர்லும் சேர்க்கவே கூடாது. இது பேச்சுக்கே இடமில்லாத விதி.

படி 7: அதே கட்டத்தில் நோயையும் எழுதுங்கள்

இவ்வளவு நேரம் நிறம் பேசியது, எனக்கு உண்மையில் முக்கியமான இந்த இடத்துக்கு வரத்தான்.

லேப்களில் விழித்திரை படிப்படியாக அழிந்து பார்வை போகும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, சுருக்கமாக பி.ஆர்.ஏ. என்பார்கள். நன்றாக ஓடி விளையாடும் நாய் பத்து நிமிடத்தில் பின்னங்கால் தளர்ந்து சரிந்துவிடும் இன்னொரு நோயும் உண்டு, அது இ.ஐ.சி. லேப்களில் பரவலாகப் பார்க்கும் பி.ஆர்.ஏ. வகையும் இ.ஐ.சி.யும் ஒற்றை ஜீன், ஒடுங்கு. சாக்லேட் எப்படி ஒளிந்திருக்கிறதோ அப்படியே இவையும் ஒளிந்திருக்கும். ஒரு பழுதான பிரதி மட்டும் உள்ள நாய்க்குப் பொதுவாக எந்தக் குறையும் தெரியாது. அப்படிப்பட்ட இரண்டைத் தெரியாமல் சேர்த்தால் நான்கில் ஒன்று நோயோடு பிறக்கும்.

கட்டம் போடத் தெரிந்தவருக்கு வழியும் தெரியும். பழுது ஒன்றைச் சுமக்கும் நாயை, இரண்டும் நல்ல பிரதியுள்ள நாயோடு சேர்த்தால் பாதிக் குட்டி சுமக்கும், ஒன்றுக்கும் நோய் வராது. ஆகவே நல்ல குணமும் உடல்கட்டும் உள்ள நாயை ஒரு பழுதுக்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஜோடி பார்த்துச் சேர்த்தால் போதும். அதற்குப் பரிசோதனை அறிக்கை வேண்டும். எதிர்த்தரப்பு ஆணின் அறிக்கையையும் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் வேறு ஆண் பாருங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு மட்டும் இந்தக் கட்டத்துக்குள் வராது. அது பல ஜீன்களும் தீனியும் உடல் எடையும் சேர்ந்து செய்வது, அதற்கு எக்ஸ்ரேதான்.

நிறத்தை மட்டும் வைத்து ஜோடி தேடுவதன் விலையை ஒரு ஆய்வு காட்டியது. பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைகளுக்கு வந்த லேப்களின் பதிவுகளை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்தது. சாக்லேட் லேப்களின் இடைநிலை ஆயுள் 10.7 வருடம், மற்ற இரண்டு நிறத்துக்கும் 12.1 வருடம். காது அழற்சியும் தோல் நோயும் சாக்லேட்டில் அதிகம். ஒடுங்கு நிறம் வேண்டுமென்றால் இரு பெற்றோரிடமும் அது இருக்க வேண்டும், அதனால் தேர்வு செய்யும் வட்டம் சுருங்குகிறது, சுருங்கும்போது நோய் ஜீன்களும் கூடவே சேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சாக்லேட் வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சாக்லேட்டுக்குச் சாக்லேட்டையே தேடி அலையாமல், ச ஒளிந்திருக்கும் ஆரோக்கியமான கருப்பைத் தேடுங்கள். பாதிக் குட்டி சாக்லேட்டாகவே வரும், வட்டமும் விரியும்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பாக 2017இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, எட்டு வயதுக்கு மேலும் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கவும் கூடாது.

படி 8: குட்டி பிறந்ததும் நோட்டில்

குட்டி பிறந்த அன்றே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வரி: பிறந்த வரிசை, பாலினம், எடை, முடி நிறம். மூக்கு நிறத்துக்கு ஒரு இடம் காலியாக விட்டு, ஐந்தாவது ஆறாவது வாரம் நிரப்புங்கள். பிழைக்காத குட்டியின் நிறத்தையும் எழுதுங்கள். அது வருத்தமான வேலைதான், ஆனால் பெற்றோருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதுவும் சாட்சி. மார்பில் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் குறியுங்கள். லேப்களில் அது சாதாரணம், கலப்பு என்று பொருள் இல்லை.

பிறகு ஒவ்வொரு குட்டிக்கும் நான்கு எழுத்தை, தெரிந்தவரை எழுதி, வாங்குகிறவரிடம் ஒரு பிரதி கொடுத்தனுப்புங்கள். தம்பி தன் ஏழு குட்டிக்கும் "கச திமூ" என்று எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றை வாங்கிய பெண்மணி போன மாதம் அவருக்குப் போன் செய்திருக்கிறார். வாங்கிப்போன அந்தக் கருப்புப் பெட்டையை வேறொரு கருப்பு ஆணோடு சேர்த்திருக்கிறார்கள். எட்டுக் குட்டி. ஐந்து கருப்பு, ஒரு சாக்லேட், இரண்டு ஃபான். ஆண் வீட்டுக்காரர் பதறிப்போய், நாய் தெருவுக்குப் போயிருக்குமோ என்று கேட்டாராம். அந்த அம்மா தாளை எடுத்துக் காட்டி, "உங்க நாய்க்குள்ளயும் ச, மூ ரெண்டும் இருக்குங்க, எழுதி வெச்சுக்கோங்க" என்றிருக்கிறார்.